நான் தொடாத கேபிள்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒற்று எங்கே போடுவது என்று இன்றுவரை சரியாகத் தெரியாது. பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிற பழக்கமும் உண்டு. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் இதை வேறு யாரையும் எழுதவிடாமல் நானே எழுதுகிறேன். என்னைப் பற்றி இன்னொருவர் ஒரு வரி எழுதியதால்தான் இவ்வளவும் வந்தது.

நான் ஹைதராபாத்தில், மல்லாபூரில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை செய்கிறேன். வீடு திருமுல்கேரி. இரண்டு பஸ் மாற வேண்டும். கம்பெனியில் செய்வது நெட்வொர்க் பெட்டி. பெரிய ஆபீசுகளில் ஆயிரக்கணக்கான பேருடைய இணைப்பை வாங்கி, பிரித்து அனுப்புகிற பெட்டி என்று சொன்னார்கள். மாடியில் அதைச் சோதித்துப் பார்க்கிற அறை ஒன்று இருக்கிறது. லேப் என்பார்கள். கதவைத் திறந்தால் குளிர் முகத்தில் அடிக்கும். இரும்புச் சட்டங்களில் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பின்பக்கம் மஞ்சளும் நீலமுமாகக் கேபிள் தொங்கும்.

அந்த அறையைத் துடைப்பது என் வேலை. மற்ற பெண்களுக்கு அங்கே போகப் பயம். எனக்கு அந்த அறைதான் பிடிக்கும். யாரும் பேச மாட்டார்கள். நான் கூச்சப்படுகிறவள். நாலு பேர் முன்னால் சாப்பிடக்கூட மாட்டேன், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுவேன். பெட்டிகள் முன்னால் எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

ஒரு தப்பு நான் செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் குனிந்து துடைத்தபோது மாப் கட்டையின் பின்முனை ஒரு கேபிளில் மாட்டி, அது கழன்றுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. நானே போய், "சார், என் கையால ஒண்ணு கழண்டுடுச்சு" என்று சொன்னேன். அந்த அறைக்குப் பொறுப்பான சார் தெலுங்குக்காரர், வயது நாற்பது இருக்கும். அவர் வந்து மாட்டினார். ஒன்றும் திட்டவில்லை. மறுநாள் நான் தச்சரிடம் கொடுத்து மாப் கட்டையைப் பாதியாக அறுத்து வாங்கினேன். அன்றிலிருந்து இடுப்பு வலிக்க வலிக்கக் குட்டைக் கட்டையோடு துடைக்கிறேன். அதன் முனை எதையும் தொடாது. தொட முடியாது.

அந்த சாரும் தம் பங்குக்கு ஒன்று செய்தார். கேபிளை யாராவது கழற்றினாலோ மாட்டினாலோ நேரத்தோடு குறித்துவைக்கிற ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதிப் பெட்டிக்குள் ஓடவிட்டார். காவல்காரன் மாதிரி. எனக்கு அது அப்போது தெரியாது.

கொஞ்ச நாளில் பெட்டி மெதுவாகிவிட்டது.

எப்படி மெதுவானது என்பதைச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் பெட்டியைப் போட்டதும் அது தனக்குள் நாலாயிரம் வாசல் திறக்க வேண்டும். கண்ணால் பார்க்கிற வாசல் இல்லை. ஒரே கேபிளுக்குள் பல வழிகள் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் முகவரியும் கொடுப்பது. எத்தனை முடிந்தது என்று பக்கத்துத் திரையில் எண் ஓடும். முடிந்ததும் பச்சை விளக்கு எரியும். முன்பெல்லாம் சுவரோர வரிசையை நான் துடைத்து முடிப்பதற்குள் பச்சை வந்துவிடும். இப்போது அறை முழுக்கத் துடைத்து, கண்ணாடி துடைத்து, கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் எண் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லோருடைய காலை வேலையும் கெட்டது. பெட்டியை வாங்கப்போகிறவர்கள் வந்து பார்க்கிற நாளும் நெருங்கியது.

சார் சொன்னார், கேபிள் லூசாக இருக்கிறது, அதனால் தடுமாறுகிறது என்று. யார் லூசாக்கினது என்று யாரும் கேட்கவே இல்லை. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

கேபிள் எல்லாவற்றையும் மாற்றினார்கள். மெதுவாகவே இருந்தது. அப்படியென்றால் அன்று இழுத்ததில் பெட்டியின் துவாரமே கெட்டிருக்கும் என்றார்கள். நான் மூன்று நாள் காய்ச்சலில் வராமல் இருந்தேன். அப்போதும் மெதுவாகவே இருந்தது. அதற்கும் அதே பதில்தான், கெட்டது கெட்டதுதானே என்று. நான் வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம்.

அப்புறம் எங்கள் சூப்பர்வைசர் ஒரு காகிதம் கொண்டுவந்தார். வேலைக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்ட்காரருடைய ஆள் அவர், பழைய நகரத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் பிரச்சினை என்றால் நாலடி தள்ளி நிற்பார்.

"அம்மா, இஸ்பே ஏக் சைன் மாரோ. பஸ், கதம்."

ஒரு கையெழுத்துப் போடு, அவ்வளவுதான் என்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. அவர் ஹிந்தியில் சொன்னார். துப்புரவுப் பெண்மணி லேப் கேபிள்களைக் கலைத்ததால் பெட்டி மெதுவானது, இனி அந்த அறைக்குள் அவள் போகமாட்டாள். அதற்குக் கீழே என் கையெழுத்து வேண்டுமாம். லேப் ரிஜிஸ்டரில் இதே வரியை ஏற்கெனவே எழுதிவிட்டார்களாம்.

"நக்கோ" என்றேன், வேண்டாம் என்று.

"கைக்கு நக்கோ? நௌக்ரி நை ஜாரி அம்மா. சிரிஃப் லேப் பந்த்." ஏன் வேண்டாம், வேலை போகாது, லேப் மட்டும்தான் கிடையாது என்று சமாதானம் சொன்னார்.

"நான் தொடல. தொடாததைத் தொட்டேன்னு எப்படி சைன் போடறது?"

"ஏக் பார் தோ நிகாலே நா?" ஒரு தடவை கழற்றினாயே என்கிறார்.

"ஹவ், ஆமா. அதை நானே வந்து சொன்னேன். இதையும் செஞ்சிருந்தா இதையும் சொல்லியிருப்பேன்."

 அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் யோசி என்று போனார். அந்த ஒரு வாரத்துக்கு லேப் எனக்கு மூடப்பட்டது. கீழ்மாடிக் கழிப்பறைகள் கொடுத்தார்கள்.

வீட்டில் மகளிடம் சொன்னேன். அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலே, "மம்மி, சைன் பண்ணிட்டு வா. எந்த ரூமைத் துடைச்சா என்ன? கைக்கு டென்ஷன்?" என்றாள்.

"டென்ஷன் இல்ல. எனக்குக் கோபம்."

"உனக்கா?" என்று திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததில்லை போல. "அந்தப் பொட்டி ஏன் மெதுவா ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவங்களுக்கும் தெரியல. தெரியாதவங்க எப்படி என் பேரை எழுதலாம்?"

 தோசை கருகியது.

லேப்பில் ஒரு இன்ஜினியர் அம்மா உண்டு. திருநெல்வேலிப் பக்கம். ஹைதராபாத் வந்து சில வருஷம்தான் ஆகிறது. என்னோடு தமிழ் பேசுவதற்கென்றே சில நாள் படிக்கட்டில் வந்து உட்காருவார். அந்த வாரத்தில் நான் சாப்பிடும்போது வந்தார். என் பாட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பிறகு வாயைத் திறந்துவிட்டேன்.

"நான் தொடலம்மா."

"நீங்க சொல்லுதத நான் நம்புதேன். ஆனா என் நம்பிக்கைய வச்சு என்ன செய்ய? சார்ட்ட காட்ட ஏதாவது வேணும்லா."

"ஒண்ணு கேக்கலாமா? தப்பா இருந்தா சிரிக்காதீங்க. கேபிள் லூசுன்னா அந்த நம்பர் மொதல்லேருந்தே தடுமாறணும் இல்ல?"

"ஆமா."

"அது அப்படி இல்லம்மா. மொதல்ல ஓடுது. ஐநூறு, அறுநூறு வரைக்கும் கண்ணு புடிக்காது. அப்புறம் நடக்குது. மூவாயிரத்துக்கு மேல ஊருது, ஒவ்வொண்ணா எண்ணலாம். நான் தினம் துடைக்கறப்ப பாக்கறேனே."

அவர் கையில் இருந்த வாழைப்பழத்தை உரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். "போகப் போகவா மெதுவாவுது?"

"போகப் போகத்தான்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"யாரு கேட்டாங்க?"

அவர்கள் யாரும் எண்ணைப் பார்ப்பதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெட்டியைப் போட்டுவிட்டுத் தங்கள் மேஜைக்குப் போய்விடுவார்கள், மொத்தம் எத்தனை நிமிஷம் என்று மட்டும் பார்ப்பார்கள். நடுவில் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்துக்கொண்டு அந்த அறையில் நின்றவள் நான் ஒருத்திதான்.

அன்று மதியம் அவர் கெர்னலைப் ப்ரொஃபைல் பண்ணப்போவதாகச் சொன்னார். என்ன அது என்று கேட்டேன். மெஷினுக்குள் நடுவில் உட்கார்ந்து எல்லா வேலையையும் பங்கிட்டுக் கொடுக்கிற பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். ஒரு விநாடிக்குள் பல தடவை அதை எட்டிப் பார்த்து, இந்த நொடி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று குறித்துக்கொள்வார்களாம். கடைசியில் எந்த வேலை அதிகத் தடவை கண்ணில் பட்டதோ அங்கேதான் நேரம் போகிறது என்று அர்த்தம். எனக்கு இது உடனே புரிந்தது. எங்கள் சூப்பர்வைசரும் அப்படித்தான். நாள் முழுக்க எங்களோடு நிற்க மாட்டார். அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். பத்துத் தடவையில் எட்டுத் தடவை ஒருத்தி போனில் இருந்தால் அவள் பொழுது எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

முதல் நாள் ஒன்றும் தேறவில்லை. வாசல் திறக்கிற ப்ரோகிராமை மட்டும் பார்த்தார். அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சாயங்காலம் படிக்கட்டில் வந்து சொன்னார்.

"தூங்குதா?"

"காத்துக் கெடக்கு. அதுக்கு ஒரு பூட்டு வேணும். அத வேற யாரோ புடிச்சு வச்சிருக்கான்."

"அப்ப காத்துக்கிட்டு இருக்கறவனை ஏன் பாக்கறீங்க? புடிச்சு வச்சிருக்கறவனைப் பாருங்க."

அவர் சிரித்துவிட்டார். "அதான் நாளைக்கு. மெஷின் முழுசையும் பாக்கணும்."

இரண்டாம் நாள் முழு மெஷினையும் பார்த்தார். அதிலும் ஒரு தொல்லை. வேலைகளின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் எண்களாக வந்துவிட்டன. பெயர் தெரிகிற மாதிரி கெர்னலைத் திரும்பச் செய்து போட வேண்டும் என்றார். அதற்கு ஒரு நாள் போயிற்று. அதற்குள் சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து காகிதத்தைக் காட்டிவிட்டுப் போனார். இரண்டாவது தடவை பேனாவும் கொண்டுவந்தார். நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போய்விட்டேன். என் வயதில், என் சுபாவத்தில், அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.  நன்றாக இருந்தது.

மறுநாள் இன்ஜினியர் அம்மா என்னைக் கீழேயிருந்து கூப்பிட்டார். லேப் எனக்குத் தடை என்றேன். "நான் கூப்பிடுதேன், வாங்க" என்றார். உள்ளே அந்த சார் நின்றிருந்தார். நான் கதவோரமாக நின்றேன்.

திரையில் செங்கல் அடுக்கின மாதிரி நிறநிறமாகக் கட்டங்கள். எந்தக் கட்டம் அகலமோ அதில்தான் நேரம் போகிறதாம். ஒரு கட்டம் சுவருக்குச் சுவர் போட்ட பாய் மாதிரி இருந்தது.

அந்தக் கட்டத்தின் பெயரை அவர் சாரிடம் இங்கிலீஷில் படித்தார். பிறகு எனக்காகத் தமிழில் சொன்னார். கெர்னலிடம் எல்லா வாசலுக்கும் சேர்த்து ஒரே பதிவேடு இருக்கிறது. புதுப் பெயர் எழுத வேண்டுமானாலும் அதுதான், இருக்கிற பெயரைப் படிக்க வேண்டுமானாலும் அதுதான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் கையில் எடுக்கலாம். அதுதான் அந்தப் பூட்டு. ஒரு வாசல் புதிதாகத் திறந்ததும் யாரோ ஒருவன் வந்து, மொத்தப் பதிவேட்டையும் முதலிலிருந்து படித்துக்காட்டு என்கிறான். கெர்னல் படிக்கிறது. முடிந்ததும் அடுத்த வாசல் எழுதப்படுகிறது. மறுபடி அவன் வருகிறான், மறுபடி முதலிலிருந்து. பத்து வாசல் இருக்கும்போது படிப்பது கண்மூடித் திறப்பதற்குள். மூவாயிரம் இருக்கும்போது ஒவ்வொரு தடவையும் மூவாயிரம் படிக்க வேண்டும்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிடுவது ஞாபகம் வந்தது. புதுப் பிள்ளை ஒன்று சேரும்போதெல்லாம் முதல் பெயரிலிருந்து திரும்பக் கூப்பிட்டால் அந்த டீச்சர் எப்போது பாடம் நடத்துவார்?

"யாரு அவன்?" என்று கேட்டேன். கேட்டது நான்தான் என்று எனக்கே நம்பிக்கையில்லை.

 இன்ஜினியர் அம்மா சாரைப் பார்த்தார். சார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேபிளைக் கண்காணிக்க அவர் ஓடவிட்ட ப்ரோகிராம்தான் அது. எது மாறினாலும் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டு, எது கழன்றிருக்கிறது என்று பார்க்கும்படி எழுதியிருந்தார். நாலாயிரம் வாசலையும் நாலாயிரம் மாற்றம் என்று அது எடுத்துக்கொண்டது.

"ஆபி சூடண்டி" என்றார் சார். அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள் என்று அர்த்தம்.

நிறுத்திவிட்டுப் பெட்டியை மறுபடி போட்டார்கள். எண் ஓடியது. ஐநூறு, ஆயிரம், இரண்டாயிரம். மூவாயிரத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அங்கேயும் ஓடியது. பச்சை வந்தது.

சார் மூச்சு விட்டார். அந்தப் ப்ரோகிராமைப் பழையபடி ஓடவிட்டும் ஒரு தடவை பார்த்தார்கள், மூவாயிரத்தில் ஊர்ந்தது. சந்தேகம் தீர்ந்தது. "பாக உந்தி", நன்றாக இருக்கிறது, என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். என்னைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும்.

நான் நகரவில்லை.

"சார், ஆ காகிதம் எக்கட உந்தி?" அந்தக் காகிதம் எங்கே என்று கேட்டேன்.

"ஏ காகிதம்?" என்றார். உண்மையாகவே மறந்திருந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஒரு வாரமாகத் தூங்காமல் நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு ஞாபகமே இல்லை. இன்ஜினியர் அம்மா எடுத்துச் சொன்னதும், "வதிலேயண்டம்மா, ஐப்போயிந்தி" என்றார். விட்டுவிடுங்கள், முடிந்துவிட்டது என்கிறார்.

"மீகு ஐப்போயிந்தி சார். நாகு காலேது." உங்களுக்கு முடிந்தது, எனக்கு முடியவில்லை.

இதற்குள் சூப்பர்வைசரும் வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சலோ அம்மா, காகஸ் பாட் தேதூங்" என்று காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தார். பெரிய உபகாரம் செய்கிற முகம்.

"அதைக் கிழிச்சா போதுமா? ரிஜிஸ்டர்ல இருக்கறது?"

"வோ கோன் பட்தா ஜீ?" யார் படிக்கிறார்கள் அதை என்றார்.

"யாரும் படிக்கறதில்லன்னா ஏன் எழுதினீங்க?"

லேப்பில் நாலைந்து பேர் தலையைத் திருப்பினார்கள். சாதாரண நாளாக இருந்தால் எனக்குக் கால் ஓடியிருக்கும். அன்று கதவுப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷமாக அந்த ஸ்டூலைத் துடைக்கிறேன், ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. அந்த வரிக்குக் கீழே உண்மையை எழுதட்டும், அதுவரை இந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றேன். தமிழில்தான் சொன்னேன். எல்லோருக்கும் புரிந்தது.

சூப்பர்வைசர் கைகளைப் பிசைந்தார்.  சார் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். நின்றபடியே எழுதினார். இன்ஜினியர் அம்மா வாங்கி எனக்குப் படித்தார். "கேபிளில் கோளாறு இல்லை. கண்காணிப்பு ப்ரோகிராமால் தாமதம் ஏற்பட்டது. சரிசெய்யப்பட்டது."

"யாரு ப்ரோகிராம்னு இருக்கா?"

"இல்ல" என்றார் மெதுவாக.

"மேல என்னைத் துப்புரவுப் பெண்மணின்னு எழுதியிருக்கே. செஞ்சது யாருன்னு அங்க எழுதத் தெரிஞ்சுது. இங்கயும் எழுதச் சொல்லுங்க."

சூப்பர்வைசர், "அரே அம்மா" என்று ஆரம்பித்தார். சார் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் காது சிவந்திருந்தது. அவர் என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினாலும் உட்கார்ந்திருப்பது என்று முடிவு. அவர் ரிஜிஸ்டரை வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் ப்ரோகிராமை வைத்தது நான், என்று எழுதியிருந்தது. பிறகு என்னிடம் "சரேனா அம்மா?" என்று கேட்டார்.

"சரி சார்" என்று எழுந்தேன். வாளியும் மாப்பும் கீழே இருந்தன. போய் எடுத்துக்கொண்டு வந்து சுவரோர வரிசையிலிருந்து துடைக்க ஆரம்பித்தேன். ஒரு வாரத் தூசி இருந்தது. 

அந்த இன்ஜினியர் அம்மாவிடமோ, இந்த வேலை தெரிந்த வேறு யாரிடமோ, இதை ஒரு தடவை படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வாசல் நாலாயிரமா அதற்கும் மேலா, கெர்னலை விநாடிக்கு நூறு தடவை பார்த்தார்களா ஆயிரம் தடவையா, பெயர் வராமல் எண் வந்தது இரண்டாம் நாளா மூன்றாம் நாளா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. பூட்டு, பதிவேடு என்று நான் எழுதியதும் எவ்வளவு சரி என்று தெரியாது. தப்பிருந்தால் அடித்துத் திருத்துங்கள். கேபிளைப் பற்றி எழுதியதைத் திருத்த வேண்டாம், அது சரியாக இருக்கிறது.